செல்ஃப் அடிக்கிறது, வண்டி கிளம்பவில்லை

பாலிகஞ்சில் என் வங்காளி நண்பர் ஒருவரிடம் அவருடைய தகப்பனார் விட்டுச்சென்ற ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்த மாடலுக்கு அடிப்படை ஹெரால்டு. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்தது. பிள்ளைகளுக்குப் பெயர்கூடத் தெரியாது; ஊரில் டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த வண்டி என்றால் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். ஆகவே ஸ்பிட்ஃபயர் நமக்கு அந்நியமல்ல, தாயாதிதான்.

இரண்டு வருஷம் ஷெட்டில் நின்ற அந்த வண்டி, சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகவே அடித்தது; எஞ்சின் பிடிக்கவில்லை. வந்த மெக்கானிக் முதலில் பிளக் நான்கையும் மாற்றினார். பிறகு காயில். பிறகு பெட்ரோல் பம்ப். அடுத்தது கார்புரேட்டர் இரண்டும் என்றார். கடைசியில், மல்லிக் பஜாரில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று யோசனையும் சொன்னார். 1968இல் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை இந்நகரில் ஆரம்பித்த பழைய கார் பேரணியில் அப்பாவின் வண்டியை ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் நண்பர். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த மெக்கானிக்கின் கைத்திறமையை நான் குறை சொல்லவில்லை. ஸ்கேனரைச் செருகினால் கோளாறு எண்ணைக் காட்டும் வண்டிகளில் தொழில் பழகியவர். இந்த வண்டியிடம் நாமேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரயில்வேயில் எஞ்சின் டிரைவர் கையில் டிரபுள் ஷூட்டிங் டைரக்டரி என்று ஒரு புத்தகம் கொடுப்போம். நடுவழியில் லோகோ நின்றால் இதைப் பார், சரியென்றால் அடுத்ததைப் பார் என்று வரிசையாகச் சொல்லும். ஊகத்தின் பேரில் ஒரு சாமானை மாற்று என்று அதில் எங்கும் கிடையாது.

செல்ஃப் அடிக்கிறது என்றால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் ஏறக்குறைய சரி. மிச்சம் பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம். பிளக்கைக் கழற்றினேன், பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் வந்து சேர்கிறது, பற்றவைக்க ஆளில்லை! அப்படியானால் பம்பை ஏன் மாற்ற வேண்டும்? சிந்தியதைத் துடைத்து, வாடை போகும் வரை காத்திருந்தேன் (பெட்ரோல் வாடையில் பொறி சோதிப்பது தற்கொலை). காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் தடித்த ஒயரை எஞ்சின் இரும்பருகே பிடித்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பொறி இல்லை. காயிலில் சிபி என்று குறித்த முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சிறு பல்பு வைத்தேன். பாயிண்ட் மூடித் திறந்தால் பல்பு அணைந்து அணைந்து எரிய வேண்டும். அது அணையாமல் எரிந்தது. காயில் வரை கரண்ட் வருகிறது, பாயிண்ட் மூடினாலும் தொடர்பு கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

மூடியைத் திறந்தால், இரண்டு மழைக்காலத்து ஈரத்தில் பாயிண்ட் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். மெல்லிய அரத்தால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்துக்கு 15 என்று வைத்தேன். பிளக்குகளைக் காயவைத்துப் பூட்டியதும் இரண்டாவது தடவையில் பிடித்துக்கொண்டது. செலவு, ஒரு துண்டு எமரித் தாள்.

பாயிண்ட்டையே எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமே என்று நண்பரின் மகள் கேட்டாள். போடலாம், அடிக்கடி தேய்க்கும் வேலை மிச்சம். ஆனால் அது போனால் சொல்லாமல் போகும், வழியில் நின்று தேய்த்துச் சரிசெய்ய முடியாது. நான் பாயிண்ட் கட்சி. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர் குழாய்களை மட்டும் தாமதமின்றி மாற்றச் சொன்னேன். அது ஊகமல்ல, தொட்டுப் பார்த்தேன், கொழகொழவென்றிருந்தது.

புதுக் காயில் வண்டியிலேயே இருக்கிறது. பழையதைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறார். அதில் ஒரு கோளாறும் இல்லை, சோதித்துவிட்டேன்.