தொலைவிலிருந்து திறக்கும் கதவு

காட்டுப்பள்ளி இன்று ஒரு சிற்றூரின் பெயர் மட்டுமன்று, துறைமுகத்தின் பெயருமாகும். 2013ஆம் ஆண்டு முதல் அங்கே பெட்டகக் கப்பல்கள் வந்து போகின்றன. கிளியரிங் ஏஜெண்டு எனப்படும் சுங்க முகவர் ஒருவருக்கு மண்ணடியில் தலைமை அலுவலகம், துறைமுக வாயிலருகே ஒரு மேசை, மாதவரத்துச் சரக்குப் பெட்டக நிலையத்தருகே மற்றொரு மேசை என்று அமைவது இயல்பு. முதலாளி ஒருவர், கணிப்பொறிகளோ மூன்று இடங்களில். காட்டுப்பள்ளியில் இருப்பவர் மண்ணடிக் கணிப்பொறியைத் திறந்து பார்த்தாக வேண்டும். எவ்வழியாகத் திறப்பது?

தமிழ்த்துறை மலரில் இக்கேள்விக்கு என்ன இடம் என வினவலாம். மீஞ்சூரிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் வந்து பயிலும் நம் மாணவர் பலர் நாளை இத்தகைய அலுவலகங்களில் எழுத்தர்களாக அமரப் போகின்றவர்கள். அவ்வலுவலகங்களை நடத்தும் பெரியவர்களும் இம்மலரைப் புரட்டுவார்கள். ஆதலால் இருசாராருக்கும் உரியதே இப்பொருள்.

வழிகள் பல உள. விண்டோசிலேயே அமைந்துள்ள ரிமோட் டெஸ்க்டாப் வசதியை இணையத்தை நோக்கி நேரே திறந்து வைப்பது ஒன்று. இதனைச் செய்யவே கூடாது. அவ்வாறு திறந்த வாயில்களைத் தேடி, கடவுச்சொற்களை ஓயாது மாற்றி மாற்றி முயலும் நிரல்கள் இரவும் பகலும் உலவுகின்றன. ‘நம் சிறிய அலுவலகத்தை எவன் நாடுவான்?’ என்பார் உண்டு. அந்நிரல்களுக்குச் சிறிது பெரிது தெரியாது. 2017 சூனில் உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியே பரவிய தீநிரல், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கி, மும்பையை அடுத்த நவசேவாவில் அந்நிறுவனத்தின் முனையத்தையும் முடக்கியது. 45,000 கணிப்பொறிகளை மீண்டும் நிறுவ நேர்ந்ததாக நிறுவனத் தலைவர் மறு ஆண்டு கூறினார். ஒரு கணிப்பொறியில் அகப்பட்ட நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொண்டே அடுத்த கணிப்பொறியைத் திறந்து சென்றது அந்நிரல்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை இடைத்தரகர் வழி. இரு கணிப்பொறிகளும் நிறுவனத்தின் வழங்கியை அழைக்க, அது இரண்டையும் இணைத்துவிடும். எளிமை கருதியே பலரும் இதனை நாடுகின்றனர். இவற்றின் இலவசப் பதிப்பு சொந்தப் பயனுக்கே உரியது. வணிகத்திற்கு அன்று என்பதைப் பலர் படிப்பதில்லை. எனிடெஸ்க் நிறுவனத்தின் வழங்கிகளிலேயே அயலார் புகுந்ததை அந்நிறுவனம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. தமிழகத்து சோகோ நிறுவனமும் ‘அசிஸ்ட்’ என்ற பெயரில் இவ்வகை மென்பொருள் தருகிறது. நம்மவர் என்பது மகிழ்ச்சிக்குரியதே, எனினும் கடவுச்சொல்லை மேசைமேல் ஒட்டி வைப்பவரை எந்த நிறுவனமும் காப்பாற்ற இயலாது.

மூன்றாவது, வி.பி.என். என்னும் மறையாக்கச் சுரங்கவழி அமைத்து, அதனூடே ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துவது. வயர்கார்டு போன்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். ஆயின் அமைத்துப் பேண ஒருவர் வேண்டும். விண்டோசின் ‘ஹோம்’ பதிப்பு இவ்வகையில் பிறரை உள்ளே ஏற்பதுமில்லை. பேணுதற்கு ஆளிருப்பின் இவ்வழியே சிறந்தது என்பது என் கருத்து. இல்லையெனில் கட்டணம் செலுத்தி இடைத்தரகர் வழியைக் கொள்க. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு திறவுகோல், செல்பேசிக்கு வரும் இரண்டாம் சரிபார்ப்பு எண் ஆகியவற்றோடு கொள்க. (‘சாவி’ என்னும் சொல்லைத் தந்தவர் போர்த்துக்கீசியர், பழவேற்காட்டுக் கரையிலும் வணிகம் செய்தவர்கள் அவர்கள்.)

இங்கே ஒரு பொருளை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். சுங்க ஆவணங்களில் ஒப்பமிட, மின்கையொப்ப டோக்கன் ஒன்று மண்ணடிக் கணிப்பொறியில் செருகப்பட்டிருக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால் அது பெரும்பாலும் புலப்படாது; அதனாலேயே சிலர் எனிடெஸ்க்குக்கு மாறுகின்றனர். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அவ்வொப்பம் கையால் இட்ட ஒப்பத்திற்கு நிகர். டோக்கனைச் செருகியே வைத்து, அதன் இரகசிய எண்ணையும் எல்லார்க்கும் சொல்லி, தொலைவழியையும் திறந்து வைப்பவர், வெற்றுத்தாளில் கையொப்பமிட்டுத் தெருவில் வைத்தவராவார். நாளை ஒரு பொய் ஆவணம் அவர் பெயரில் சென்றால், உள்ளே புகுந்தவர் யாரென்று காட்டக் குறிப்பேதும் இராது. ஐவரும் ஒரே பெயரில் நுழைந்திருப்பர். பழியோ பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்த எழுத்தரின் தலையில் விழும். அவ்வெழுத்தர் நம் மாணவராகவும் இருக்கலாம்.

எனவே முதலாளிமார்க்கு வேண்டுகோள்: டோக்கன் உள்ள கணிப்பொறியைத் தொலைவழிப் பட்டியலிலிருந்து நீக்குங்கள், ஒப்பமிடுபவர் அதனெதிரே அமர்ந்தே ஒப்பமிடட்டும். மாணவர்க்கு: வேலையில் சேரும் நாளிலேயே உங்கள் பெயரில் தனி நுழைவு கேளுங்கள். விலகும் நாளில் அதனை நீக்கிவிட்டதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.