கத்திரி வெயிலும் கறுப்புக் கோட்டும்

மே மாதம் நடுவில் ஒரு கல்யாண வரவேற்பு. திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்து மண்டபம். மண்டபத்துக்குள் இல்லை, பின்பக்கம் இருக்கும் புல்வெளியில். மாலை 5 மணிக்கு ஆரம்பம். பத்திரிகையின் கீழ்க்கோடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "உடை: ஃபார்மல்". பத்திரிகை வைத்தவர் என்னிடம் படித்தவர், நல்ல பிள்ளை. சென்னையில் ஏதோ ஒரு விழாவில் பார்த்தது மனசில் பதிந்திருக்கும்.

அன்று ராத்திரியே எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கிவிட்டது. விழுப்புரத்தில் கோட் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று ஒருவர் கேட்கிறார். மருமகனின் ப்ளேசர் தோளில் பிடிக்கிறது என்கிறார் இன்னொருவர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், பாதிப் பேருக்கு ரத்த அழுத்த மாத்திரை. முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

முதலில் மாலை 5 மணி என்றால் என்ன என்று பார்ப்போம். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும். நம் பக்கம் சூரியன் மறைய ஆறரை மணி ஆகிறது. அதாவது முதல் ஒன்றரை மணி நேரம் மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அதற்குப் பிறகு குளிர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் பகலெல்லாம் வெந்த சிமென்ட் தரையும் நடைபாதைக் கல்லும் இருட்டிய பிறகுதான் உள்வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். மரக்காணம் பக்கமிருந்து வரும் கடல் காற்று கொஞ்சம் ஆறுதல் தரும், ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை காயாது. நம் உடம்புக்குத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இருக்கும் பெரிய வழியே வியர்வை காய்வதுதான். அது அடைபட்டால் தலைசுற்றல், வாந்தி, மயக்கம் என்று வரிசையாக வரும். வயசானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சீக்கிரம் வரும்.

இப்போது துணிக்கு வருகிறேன். சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. கோட் விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளித்துணி எதுவாக இருந்தாலும், உள்ளே வழவழவென்று ஒரு லைனிங் வைத்துத் தைத்திருப்பார்கள். வாடகைக் கோட்டில் அது அநேகமாக பாலியெஸ்டர்தான். கழுத்தில் டை, இடுப்பில் பெல்ட், காலில் மூடிய ஷூ. காற்று நுழையும் வாசல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் புல்வெளியில் நிற்கிறோம்.

நிறம் பற்றி வகுப்பில் நானும் எல்லோரையும் போல கறுப்பு வெப்பத்தை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பும் என்று சொல்லிக்கொடுத்தவன்தான். பாடம் தப்பில்லை. ஆனால் பாலைவனத்து பெதுவின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று 1980-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கறுப்பு அங்கி கூடுதல் வெப்பத்தை வாங்குகிறது, ஆனால் அது தொளதொளவென்று இருப்பதால் உள்ளே காற்று ஓடி அந்தச் சூட்டை வெளியே தள்ளிவிடுகிறது. தோல் வரை வரும் வெப்பம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒன்றுதான் என்று கண்டார்கள். ஆக நிறத்தைவிட முக்கியம், துணிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று ஓட இடம் இருக்கிறதா என்பது. எட்டு முழ வேட்டியைத் தட்டையாகக் கட்டி ஒரு பருத்திச் சட்டையும் போட்டால் அந்த இடம் தாராளமாக இருக்கிறது. இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பீரோவில் மடித்து வைத்திருக்கிறோம்.

"சார், அது ஃபார்மல் ஆகுமா?" என்று குழுவிலேயே ஒரு கேள்வி வந்தது. எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டி கட்டி வந்தார் என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. சட்டமன்றம் வரை அது எதிரொலித்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்து வந்ததற்காகப் பொது இடத்தில் அனுமதி மறுத்தால் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கல்யாணப் பத்திரிகை வரிக்கு எதிராக வழக்குப் போடச் சொல்லவில்லை. நீதிபதிக்கு நடந்த அவமானத்துக்காகச் சட்டமே போட்ட ஊரில், அந்த வாசல் காவலாளியின் வேலையை நம் மனசே செய்துகொண்டிருக்கிறது என்கிறேன். நம்மை யாரும் தடுக்கவில்லை. நாமாகவே வாடகைக் கோட் தேடுகிறோம்.

திண்டிவனத்துக்காரர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் பக்கத்து ஓமந்தூர்க்காரர், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கதர் வேட்டி, கதர்ச் சட்டை. அந்த நாளைவிடப் பெரிய ஃபார்மல் விழா எது?

வெளியூர் ஆதாரம்தான் வேண்டும் என்பவர்களுக்கும் இருக்கிறது. ஜப்பானில் 2005-ல் அரசாங்கமே 'கூல் பிஸ்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. கோடைக்காலத்தில் அலுவலகத்துக்கு டையும் கோட்டும் வேண்டாம், ஏசியை 28 டிகிரியில் வையுங்கள் என்றார்கள். உடை ஒழுங்கில் நம்மைவிடப் பல மடங்கு கறாரானவர்கள் அவர்கள். நம் வழக்கறிஞர்களுக்கும் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற நீதிமன்றங்களில் கோடையில் கறுப்புக் கோட் கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. விழுப்புரம் கோர்ட்டுக்கே வேண்டாத கோட், வரவேற்புப் புல்வெளிக்கு எதற்கு?

(இடையில் ஒன்று. மார்ச், ஏப்ரலில் யுகேஜி குழந்தைகளுக்குக் கறுப்பு கவுனும் தொப்பியும் மாட்டி 'பட்டமளிப்பு' நடத்துகிறார்களே, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 2010-ல் மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் போபாலில் ஒரு பட்டமளிப்பு மேடையிலேயே அங்கியைக் கழற்றிவைத்தார். ஐந்து வயசுப் பிள்ளைக்கு அந்த அதிகாரம் கிடையாது.)

இதுவரை எழுதியதெல்லாம் ஆண்கள் கதை. வேட்டி கட்டு என்று சொல்வது சுலபம். பெண்களுக்கு யார் என்ன வழி சொன்னார்கள்? கனத்த ஜரிகைப் பட்டு, லைனிங் வைத்த இறுக்கமான ரவிக்கை, உள்பாவாடை, பத்துப் பன்னிரண்டு ஊக்கு, தலையில் பூ, அதற்கு மேல் நகை. இடுப்பைச் சுற்றி மட்டும் எத்தனை அடுக்கு துணி என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு கத்திரியிலும் வேர்க்குருப் பவுடர் டப்பா காலியாவதற்குக் கல்யாணங்கள்தான் காரணம். நான் பட்டுக்கு எதிரி இல்லை. பக்கத்தில் சிறுவந்தாட்டில் தறி ஓடுவது பட்டை நம்பித்தான். தையிலும் மாசியிலும் ஆசை தீரக் கட்டட்டும். மே மாதத் திறந்தவெளிக்கு ஜரிகைக் கரை போட்ட பருத்திப் புடவை போதும், அது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. ஆனால் நான் வேட்டியில் போனால் "எளிமையான மனுஷன்" என்பார்கள். என் மனைவி பருத்தியில் போனால் "பட்டு எடுத்துக் கொடுக்கலையா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைப் பந்தலில் இருக்கும் யாரும் தனியாக எதிர்கொள்ள முடியாது. மாப்பிள்ளையின் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் முதலில் பருத்தி கட்டி வாசலில் நிற்க வேண்டும். அவர்கள் நின்றால் வருகிறவர்களுக்கு தைரியம் வரும்.

விருந்தாளிகளான நமக்காவது போகாமல் இருக்கும் வசதி உண்டு. மொய்யைக் கொடுத்துவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பலாம். அந்தப் புல்வெளியில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாத சிலர் இருக்கிறார்கள். தட்டு ஏந்தி வரும் பையன்களைப் பாருங்கள். கறுப்பு ஓவர்கோட், கழுத்தில் போ டை, கையில் வெள்ளை உறை. பின்னால் தோசைக்கல்லும் எண்ணெய்ச் சட்டியும் கொதிக்கிற இடத்துக்கும் நம் மேஜைக்கும் நடுவில் நாலைந்து மணி நேரம் நடந்துகொண்டே இருக்கிறார்கள். பலர் கல்லூரி மாணவர்கள், வார இறுதியில் செலவுக்குச் சம்பாதிக்க வருகிறவர்கள். போன வருஷம் ஒரு வரவேற்பில் எனக்கு சூப் கொண்டுவந்து கொடுத்தவன், நான் பத்தாம் வகுப்பில் வெப்பக் கடத்தல் நடத்திய பையன். "சார், நல்லா இருக்கீங்களா" என்று சிரித்தான். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை புருவத்தில் நின்றது. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்பதை நாமெல்லாம் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்க்கப் பழகிவிட்டதால் அது தப்பாகத் தெரியவில்லை. இந்த ஓவர்கோட்டும் அப்படித்தான்.

இதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கேட்டரிங் நடத்தும் தெரிந்தவர் ஒருவரிடம் விசாரித்தேன். பரிமாறுகிறவர்கள் உடை அவர்கள் தரும் பேக்கேஜ் தாளில் ஒரு வரி, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்களாம். "யாரும் கேட்டதில்ல சார்" என்றார். அரைக்கைப் பருத்திச் சட்டை போதும், அதுதான் சுத்தமாகவும் இருக்கும். அவர்களுக்குத் தனியாக ஒரு பானை நீர்மோர், மாற்றி மாற்றி உட்கார நாலு நாற்காலி, சமையல் பக்கம் ஒரு பெரிய ஃபேன். அலங்கார வளைவில் ஒரு வரிசைப் பூவைக் குறைத்தால் இந்தச் செலவு கட்டுப்படியாகும். வைகாசி முகூர்த்தங்களுக்கு இந்த வாரம்தான் கேட்டரிங் பேசிக்கொண்டிருப்பீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தத் தாளை வாங்கி, உடை என்று போட்டிருக்கும் வரியைப் படித்துப் பாருங்கள்.