லாக்டிக் அமிலத்தின் மேல் வீண்பழி

ஓடிய மறுநாள் தொடை கடுப்பது தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதால், தேய்த்துவிட்டால் போய்விடும். லால்குடி மைதானத்தில் இன்னும் ஓதப்படும் பாடம் இது. மூன்று காரணங்களால் இது தவறு.

ஒன்று: ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் (உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கிவிடும். கடுப்பு உச்சம் தொடுவதோ 24 முதல் 72 மணி நேரத்தில். ஊரைவிட்டே போனவன் மேல் திருட்டுக் கேஸா?

இரண்டு: திருச்சி மலைக்கோட்டையில் 400க்கும் மேற்பட்ட படிகள். மூச்சு வாங்குவதும் லாக்டேட் கூடுவதும் ஏறும்போது. மறுநாள் தொடையைப் பிடிப்பது பெரும்பாலும் இறங்கியதன் விளைவு: நீண்டபடியே எடை தாங்கும் தசையிழைகளில் நுண்சேதம், பிறகு அழற்சி. அமிலம்தான் குற்றவாளி என்றால் ஏறியதால் அல்லவா வலிக்க வேண்டும்?

மூன்று: லாக்டேட் கழிவே அல்ல. இதயம் அதை எரிக்கிறது, கல்லீரல் குளுக்கோஸாக்குகிறது. எரிபொருளைத் தேய்த்து விரட்டுவானேன்? தைலம் சுகம்தான், தேய்க்கட்டும். காரணம் மட்டும் சொல்ல வேண்டாம்.