சலூனும் சலோனும்

சலூன் என்ற சொல்லை நாம் எமது சொந்தச் சொல்லாக்கிக்கொண்டு நெடுங்காலமாயிற்று. யாழ்ப்பாணத்துக் கிழவரும் மட்டக்களப்புச் சிறுவரும் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரும் 'சலூனுக்குப் போகின்றேன்' என்றால், தலைமயிர் வெட்டுவிக்கப் போகின்றனர் என்பதே பொருள். அச்சொல்லுக்கு வேறு பொருள் எம்மிடையே கிடையாது. ஆனால் அண்மைக் காலமாகக் கொழும்பிலும், கொழும்பைப் பார்த்து யாழ்ப்பாணத்திலும், பெயர்ப்பலகைகளில் 'சலோன்' என்ற புதிய உச்சரிப்பொன்று குடியேறியிருக்கின்றது. மாறியது ஓர் எழுத்துத்தான். அம்மாற்றத்தின் பெறுமதி என்னவென்பதைக் காசாளர் மேசைக்கு வந்தபின் எவரும் அறிந்துகொள்ளலாம்.

உண்மையில் இவ்விரு சொற்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. பெரிய மண்டபம் என்னும் பொருள் தரும் இத்தாலியச் சொல்லொன்று பிரெஞ்சு மொழிக்குச் சென்று சலோன் ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலத்திற் புகுந்து சலூன் ஆயிற்று. பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரிலே ராம்பூய்யே சீமாட்டி போன்றோர் தம் இல்லத்து மண்டபங்களிற் புலவர்களையும் அறிஞர்களையும் கூட்டிவைத்துப் பேசுவித்தனர். அத்தகைய இலக்கியக் கூட்டங்களுக்கே சலோன் என்று பெயர் நிலைத்தது. அங்கே எவர் தலைமயிரையும் எவரும் வெட்டவில்லை, கவிதைகளை வெட்டியிருப்பார்கள். பின்னர் ஆங்கில நாட்டு நாவிதர்கள் தம் கடைக்கு ஒரு கௌரவம் வேண்டி அச்சொல்லை எடுத்துக்கொண்டனர். எமக்கு வந்து சேர்ந்தது அதுவே. ஆகவே சலூன் தாழ்ந்தது, சலோன் உயர்ந்தது என்று கருதுவோர் சொல்லின் பிறப்பை அறியாதவராவர். எனினும், உலகம் சொற்பிறப்பு ஆராய்ச்சியாளரைக் கேட்டு நடப்பதில்லையே.

சென்ற ஆண்டு என் மருமகன் ஒருவனுடைய வற்புறுத்தலின் பேரிற் கொழும்பிலுள்ள அத்தகைய நிலையமொன்றுக்குச் சென்றிருந்தேன். "மாமா, ஒருக்கால் வந்துதான் பாருங்கோவன்" என்று அவன் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வைத்தியரைப் பார்ப்பதற்குப்போல முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே குளிரூட்டிய காற்று, தணிந்த இசை, சுவர் முழுவதும் கண்ணாடி. ஓர் இளைஞர் தேநீர் தந்தார். இன்னொருவர் என்னைச் சாய்நாற்காலியிற் கிடத்தி, கழுத்தைப் பீங்கான் தொட்டியின் விளிம்பில் வைத்து, வெந்நீரால் தலையைக் கழுவிவிட்டார். மூன்றாமவர் கத்தரிக்கோலுடன் வந்தார். நான்காமவர் விழுந்த மயிரைக் கூட்டுவதற்கென்றே நின்றார். அங்கே இல்லாதிருந்த பொருள் ஒன்றே ஒன்று, அது செய்தித்தாள்.

அவ்விடத்தை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் நியாயம் பேசவேண்டுமன்றோ? கத்தரிக்கோலுடன் வந்த இளைஞர் தம் தொழிலை நன்கு கற்றவர். அவர் முதலிற் செய்தது, என் உச்சியை விரலால் விலக்கிச் சுழி எப்பக்கம் சுழல்கின்றது என்று பார்த்ததுதான். சுழியின் திசையை அறியாது வெட்டியவனின் வேலை, மறுநாட் காலையில் மயிர் குத்திட்டு நிற்கும்போது வெளிப்பட்டுவிடும். (இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கலியாணம் என்று எம் பாட்டிமார் சொன்ன சாத்திரத்தை அவ்விளைஞர் அறிந்திருந்தாரோ தெரியாது.) ஈரத்தில் மயிர் நீண்டு நிற்கும்; உலர்ந்ததும் சுருங்கும். அதனால் வேண்டியதிலும் சற்றுக் கூடுதலாக விட்டு வெட்டி, உலர்த்தியபின் மறுபடி சீப்பை வைத்து ஒழுங்கு செய்தார். சீப்புக்கு மேலாகக் கத்தரிக்கோல் ஓடும் அந்த ஓசையிலேயே கை பழகிய கையென்பது விளங்கிற்று.

இவை யாவற்றையும் எங்கள் ஊர்ச் சலூன்காரரும் செய்வார் என்பதையும் கூறத்தான் வேண்டும். அவரும் சுழி பார்ப்பவர். தண்ணீர் தெளித்துவிட்டு, "காய்ஞ்சால் ஏறும், அரை விரல் விட்டுத்தான் வெட்டவேணும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்பவர். கலை ஒன்றே. கொழும்பில் நான் கொடுத்த தொகைக்கோ, எங்கள் ஊரில் ஏழு தலைகளை வெட்டுவிக்கலாம். மீதி ஆறு தலைகளுக்குரிய பணத்திற்கு நான் வாங்கியது குளிர்காற்றும் கண்ணாடியும் மாத்திரமல்ல என்பதைப் பின்னர் யோசித்தபோது உணர்ந்தேன். அங்கே அவ்விளைஞர் என்னைச் 'சேர்' என்றார். நான் அவரைத் 'தம்பி, நீங்கள்' என்றேன். என் மருமகன் அவரோடு கைகுலுக்கி, நன்றி கூறி, மேலும் ஒரு தாளைக் கையில் வைத்தான். இத்தனைக்கும் அவன் ஊருக்கு வரும்போது, தன் தந்தையிலும் மூத்தவரான எங்கள் சலூன்காரரை 'நீ' என்றே அழைக்கின்றான். அவனுக்கு அதை எவரும் கற்பிக்கவில்லை, எவரும் திருத்தவுமில்லை.

இவ்விடத்திற் பழைய கதை சிறிது சொல்லியாக வேண்டும்.

ஒரு காலத்தில் நாவிதரும் வைத்தியரும் வேறல்லர். நாட்டு வைத்தியரை யாழ்ப்பாணத்திற் பரியாரியார் என்று பணிவோடு அழைக்கின்றோம். அதே பரியாரி என்ற சொல் தமிழகத்தின் தென்பகுதிகளில் நாவிதரைக் குறிக்கின்றது. கட்டி கீறுதலும் புண்ணுக்கு மருந்திடுதலும் அவர்கள் கையிலேயே இருந்தன. அவர்தம் மனைவியரே மருத்துவச்சிகளாய்ப் பிள்ளைப்பேறு பார்த்தனர். மேல்நாட்டிலும் இவ்வாறே. லண்டன் மாநகரில் 1540ஆம் ஆண்டு முதல் நாவிதரும் சத்திரவைத்தியரும் ஒரே சங்கத்தில் இருந்தனர். 1745ஆம் ஆண்டிலேதான் சத்திரவைத்தியர் பிரிந்து போயினர். பிரிந்தவர்கள் போகும்போது மதிப்பையும் உடன் எடுத்துச் சென்றுவிட்டனர். சவரக்கத்தி மாத்திரம் நாவிதர் கையில் எஞ்சிற்று.

எம் நாட்டில் எஞ்சியது அதனினும் கொடியது. நாவிதர் குடிமகன் எனப்பட்டார். இன்று நாம் குடியியற் பாடத்தில் உரிமையுள்ள பிரசை என்று பொருள் கூறும் அதே சொல், அன்று உரிமையேதுமற்ற தொண்டூழியரைக் குறித்தது. அழைத்த வீட்டுக்கு அவர் போகவேண்டும். கொல்லைப்புறத்து மரநிழலில் வைத்து வேலை செய்யவேண்டும். கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் சடங்கு செய்யவேண்டும். கூலியாக ஆண்டுக்கொருமுறை நெல்லை வாங்கிக்கொண்டு போகவேண்டும். வேண்டாமென்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

இந்த அடிமைத்தனத்திலே முதல் உடைப்பை உண்டாக்கியது எந்தச் சீர்திருத்தவாதியின் மேடைப் பேச்சுமன்று. சலூனே என்பது என் துணிபு. குடுமி போய்க் கிராப்பு வந்தது. நகரத்தில் ஒரு கடை, ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி என்று தொழில் இடம் மாறிற்று. அழைத்த வீட்டுக்கு ஓடியவரிடம் இப்போது ஊரவர் நடந்து வரவேண்டியதாயிற்று. வந்தவர் வாங்கில் இருந்து தம் முறைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நெல்லுக்குப் பதிலாகக் காசு கொடுக்க வேண்டியதாயிற்று. காத்திருத்தல் என்பது சிறிய காரியமன்று. எவரையும் எதற்கும் காத்திருக்கச் செய்தே பழகியவர்கள், ஒரு நாவிதரின் கடை வாங்கில் இருந்து பத்திரிகை படித்துக்கொண்டு காத்திருந்தார்களென்றால், அங்கே ஏதோ ஒன்று மாறத் தொடங்கிவிட்டதென்றுதான் கொள்ளவேண்டும்.

ஆனால் முற்றாக மாறிவிடவில்லை. யாழ்ப்பாணத்துச் சலூன்களில் ஒடுக்கப்பட்ட பிற சாதியினருக்கு நாற்காலி மறுக்கப்பட்ட காலமும் இருந்தது. தாமே தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட ஒருவர், தம்மை ஒதுக்கியோரின் கண்ணுக்கு அஞ்சி, தம்மைப் போன்ற இன்னொருவரை வாசலில் நிறுத்த நேர்ந்தது. சாதியின் கொடுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் காட்சி வேறெதுவும் என் நினைவுக்கு வரவில்லை. பொது இடங்களிற் சாதியின் பேரால் ஒருவரைத் தடுத்தல் குற்றமென்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் விதித்தது. சட்டம் வந்தபின்னரும் தேநீர்க்கடை வாசல்களிலும் கோயில் வாசல்களிலும் போராட்டங்கள் நடத்தவேண்டியிருந்தமை யாவரும் அறிந்ததே.

சலூன் தன் பிரெஞ்சு மூதாதையை நினைவுகூர்ந்த ஓரிடமும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டுத் தந்தையின் தொழிலுக்கு வந்த டொமினிக் ஜீவா (1927–2021), தாம் வேலை செய்த ஜோசப் சலூனை எழுத்தாளர் கூடும் மண்டபமாக்கினார். 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற அவரது சிறுகதைத் தொகுதி சாகித்தியப் பரிசு பெற்றது. 1966ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் தொடங்கிய 'மல்லிகை' மாசிகைக்குத் தொடக்க காலத்தில் அச்சலூனே முகவரி. பல்கலைக்கழகப் பேராசிரியரும் மூட்டை தூக்கும் தொழிலாளியும் அடுத்தடுத்து இருந்து இலக்கியம் பேசத்தக்க அறைகள் எம் நாட்டில் எத்தனை இருந்தன? ராம்பூய்யே சீமாட்டியின் மண்டபத்தில் மூட்டை தூக்குபவன் நுழைந்திருக்க முடியாது. அவ்வகையில் அந்தச் சிறு கடை பாரிஸைப் பின்தள்ளிவிட்டது எனலாம்.

தம் தொழிலை ஜீவா ஒருபோதும் மறைத்தாரல்லர். வகுப்பறையிற் சாதியின் பேரால் தாம் பட்ட இழிவை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியும் வைத்திருக்கின்றார். பாடம் சொல்லாத மாணவனைச் 'சிரைக்கப் போ' என்று ஏசும் ஆசிரியப் பெருமக்கள் இன்றும் முற்றாக அற்றுப்போய்விட்டனர் என்று என்னாற் சொல்லமுடியவில்லை. அதே நாட்டில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறத்தக்க துறைகளுள் சிகையலங்காரமும் ஒன்று என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

இனி, சலோனின் பக்கம் பேசும் நண்பர்கள் கூறுவதைக் கேட்போம். 'சாதி தொலைந்ததே போதாதா? இன்று அங்கே கத்தரிக்கோல் பிடிப்பவர் எச்சாதியார், எம்மதத்தார் என்று எவர் கேட்கின்றார்? எல்லாக் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் அத்தொழிலுக்கு வருகின்றனர். பணம் மிகுதியாக வாங்கினாலென்ன?' என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. அதை நான் மறுக்கேன். பிறப்போடு கட்டுண்ட ஒரு தொழிலைப் பிறப்பிலிருந்து அவிழ்த்துவிட்டமை நற்செயலே. பெண்களுக்கான அழகு நிலையங்களைப் பொறுத்தவரையில் இது இன்னும் உண்மை; வேலை தேடும் எத்தனையோ இளம் பெண்களுக்கு அவை சொந்த வருவாயைத் தந்துள்ளன.

ஆனால் நண்பர்கள் ஒன்றைக் கவனித்தாரில்லை. பெயரும் பலகையும் விலையும் மாறிய இடத்திலேதான் மதிப்புக் கிடைத்திருக்கின்றது. பழைய பெயரோடும் பழைய நாற்காலியோடும் இருப்பவரிடம் நாம் பழைய நாவோடேயே பேசுகின்றோம். கொழும்பில் நாம் மதித்தது கையையா, கண்ணாடியையா? கையை மதித்திருந்தால், அதே கைத்திறனுள்ள கிழவரை ஊரிலே 'நீ' என்று அழைக்க நா எழுமா? விலை குறைவாக இருப்பதுதான் அவர் செய்த குற்றம் போலும். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது சலூன்கள் பூட்டிக் கிடந்தன. வீட்டுக்கு வீடு மனைவிமாரும் பிள்ளைகளும் கத்தரிக்கோல் எடுத்து எமது தலைகளை என்ன பாடுபடுத்தினர் என்பதை நாம் அதற்குள் மறந்துவிட்டோம். அத்தொழில் எவருக்கும் வரும் கைவேலையன்று என்பது அப்போது எல்லார் தலையிலும் எழுதியிருந்தது.

எங்கள் ஊர்ச் சலூன்காரரின் இளைய மகன் கொழும்பில் அத்தகைய சலோன் ஒன்றிலேதான் வேலை செய்கின்றான். நல்ல சம்பளம், கறுப்புச் சீருடை, நெஞ்சிலே பெயர் பொறித்த சின்னம். வாடிக்கைக்காரர் அவனையே கேட்டு நேரம் குறிக்கின்றனர் என்று தந்தையார் என் கழுத்தைத் துடைத்தபடி சொன்னார். சொல்லும்போது அவர் குரலிற் பெருமை இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மகன் ஊருக்கு வருவான். வந்தால் கடைப்பக்கம் தலைகாட்டுவதில்லை. 'தம்பி என்ன வேலை?' என்று வழியிற் கேட்பவர்களுக்கு, "கொழும்பிலை ஒரு கொம்பனியிலை" என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் போய்விடுவானாம்.