காலத்திற்கும் கணக்கு எழுதுவோம்!



சில மாதங்களுக்கு முன், இஷா தொழுகை முடிந்து முதலியார்பேட்டையில் பள்ளிவாசல் படியிறங்கிக் கொண்டிருந்தோம். ஓர் அத்தாவும் மகனும் நம்மை நிறுத்தினார்கள். மகனுக்கு வயது இருபத்து நான்கு. பகல் முழுவதும் அத்தாவின் துணிக்கடையில் இருக்கிறார். இரவில் அஞ்சல் வழியில் தொழில்முனைவோர் பட்டயப் படிப்பு படிக்கிறார்.

அத்தா குமுறினார்: "ஹஜ்ரத், இவன் உடம்புதான் கடையில் இருக்கிறது, கண் புத்தகத்தில் இருக்கிறது. வீட்டில் கைக்குழந்தை. மருமகள் முகம் வாடிக் கிடக்கிறாள். இரவு ஒரு மணி வரை விளக்கெரித்துவிட்டு ஃபஜ்ரைக் களா ஆக்குகிறான். நான் என்ன படித்துவிட்டா கடை வைத்தேன்?"

மகன் மறுத்துப் பேசவில்லை. "அத்தா சொல்வது எல்லாம் உண்மைதான் ஹஜ்ரத். ஆனால் நான் எதை விடுவது? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

எதை விடுவது? இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டுக்குரியதல்ல. நம் முஹல்லாக்களில் நூறு வீடுகளில் முணுமுணுக்கப்படும் கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் இளைஞர்களைப் பார்த்து "படியுங்கள், முன்னேறுங்கள்" என்று மேடையில் முழங்குவதில் என்ன பயன்?

முதலில் அத்தாவின் கேள்விக்கு வருவோம். படிக்காமலே கடை நடத்திய காலம் ஒன்று இருந்தது உண்மை. அன்று வாடிக்கையாளர் தெருவுக்குள்ளேயே இருந்தார். சரக்கு கொடுத்தவர் வாய்ச்சொல்லை நம்பினார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2020 ஜூலையில் சிறுதொழில்களுக்கு உத்யம் பதிவு வந்தது. கல்லாவில் விழ வேண்டிய காசு கைப்பேசி வழியாக வங்கிக்குப் போகிறது. தெருமுனைக் கடைக்குப் போட்டி பெங்களூரில் இருக்கும் கிடங்கு. கணக்கும் சட்டமும் தெரியாதவன் இனி கடையைத் திறந்து வைத்திருக்கலாம், நடத்த முடியாது.

வேறு வழி இருக்கிறதா என்றால், நம் ஊரையே பாருங்கள். கடலூர் சாலையில் 1898இல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி. என்று அழைக்கப்பட்ட மில், தலைமுறை தலைமுறையாக எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது! அந்தச் சங்கொலிதான் முதலியார்பேட்டைக்குக் கடிகாரம். 2011 டிசம்பரில் தானே புயல் அதை உலுக்கியது. 2020 ஏப்ரலோடு அது மூடப்பட்டுவிட்டது. மில் வேலை என்ற நிழல் போன பிறகு, சொந்தக் காலில் நிற்கக் கற்பதைத் தவிர நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

நம் நாட்டு முஸ்லிம் உழைப்பாளர்களில் ஏறத்தாழ 61 சதவீதம் பேர் சுயதொழிலில் இருப்பதாக 2006இல் சச்சார் குழு எடுத்துக் காட்டியது. வங்கிக் கடனில் நமக்குக் கிடைக்கும் பங்கு நம் எண்ணிக்கைக்கு ஏற்றதாக இல்லை என்பதையும் அதே அறிக்கை சொன்னது. தொழிலை நம்பியே வாழும் ஒரு சமுதாயம் தொழிலை முறையாகப் படிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய அவலம்!

மார்க்கம் இதற்குத் தடையா? மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவர் துஆச் செய்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார். பனூ கைனுகா சந்தைக்குப் போய், பாலாடைக்கட்டியும் நெய்யும் லாபமாகக் கொண்டு வந்தார். விரைவில் மணமும் முடித்தார். அதை அறிந்த நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கப் பணித்தார்கள். ஹிஜ்ரத், வியாபாரம், குடும்பம் மூன்றும் ஒரே வாழ்க்கையில் ஒன்றை ஒன்று இடிக்காமல் நின்றன.

ஆனால் மகனுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அபுத்தர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். அவர்களது மனைவியின் கோலத்தைக் கண்ட ஸல்மான் (ரலி) நிலைமையைப் புரிந்துகொண்டு, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னதே சரி என்றார்கள். வணக்கத்தின் பெயராலேயே மனைவியின் உரிமையைப் பறிக்க முடியாது என்றால், பட்டயப் படிப்பின் பெயரால் பறிக்க முடியுமா?

நம் பகுதி முன்னோர்களின் வாழ்விலும் இந்தப் படிப்பினை உண்டு. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து கப்பலேறி சைகோனில் கடை வைத்தவர்கள் அநேகர். அந்நகரில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. தீனையும் வியாபாரத்தையும் அவர்கள் விடவில்லை. விட்டுக்கொடுத்தது குடும்பத்தை. எத்தனையோ பிள்ளைகளுக்கு அத்தா என்றால் ஒரு கடிதமும் ஒரு பெட்டியும்தான். பிறகு வளைகுடாவிலும் அதே கதை தொடர்ந்தது. இன்று வீட்டிலிருந்தபடியே படிக்கும் வசதியை அல்லாஹ் தந்திருக்கிறான். கடல் தாண்டத் தேவையில்லை. ஆனால் ஒரே அறைக்குள் மனைவி ஒரு பக்கம், கைப்பேசிப் பாடத்தோடு கணவன் ஒரு பக்கம் என்றால், அதுவும் ஒரு சைகோன்தானே!

அப்படியானால் பழுது எங்கே? மார்க்கத்திலும் இல்லை, படிப்பிலும் இல்லை. நேரத்தைப் பங்கிடாததில் இருக்கிறது. அந்தப் பங்கீட்டை இளைஞன் ஒருவன் தலையில் மட்டும் கட்டியதில் இருக்கிறது.

இதே புதுச்சேரியில் 1936 ஜூலை 30ஆம் நாள், சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி பாய்ந்தது. 12 பேர் உயிர் நீத்தார்கள். 1937இல் 8 மணி நேர வேலை சட்டமானது. மனிதனுக்கு உழைக்க ஒரு நேரம், ஓய்வெடுக்கவும் வீட்டாரோடு இருக்கவும் ஒரு நேரம் என்ற நியாயத்தை இரத்தம் சிந்தி வாங்கிய மண் இது. அந்த மண்ணில் நாம் கடை நடத்தும் முறை என்ன? காலை ஒன்பதுக்குத் திறந்தால் இரவு பத்து. வேலையாளுக்கும் அதே, மகனுக்கும் அதே. "சொந்தக் கடைதானே" என்று சொல்லிச் சொல்லியே சொந்தப் பிள்ளையின் காலத்தைக் கணக்கில்லாமல் செலவழிக்கிறோம்.

வியாபாரிகளே! மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை உங்கள் கடையில் எத்தனை பேர் வருகிறார்கள்? அந்த இரண்டு மணி நேரத்தை மகனுக்கோ, படிக்க விரும்பும் வேலையாளுக்கோ விட்டுக் கொடுங்கள். அது தர்மம் அல்ல, முதலீடு.

அதன் பலன் முதலில் உங்கள் ஸகாத்திலேயே தெரியும். கடைச் சரக்குக்கும் 40இல் ஒரு பங்கு ஸகாத் உண்டு. நம்மில் எத்தனை பேர் ஆண்டுக்கு ஒருமுறை சரக்கை எண்ணி, விலை போட்டுக் கொடுக்கிறோம்? குத்துமதிப்பாக ஒரு தொகையை எடுத்து வைக்கிறோம். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்ததை எழுதுவதில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை மறந்துவிட்டோம். இருப்புக் கணக்கும் வரவு செலவும் கற்கும் மகன், உங்கள் ஃபர்ளைச் சரியாக நிறைவேற்றத்தான் உதவுகிறான்.

வட்டி விஷயத்துக்கு வருவோம். இந்தப் படிப்பில் திட்ட அறிக்கை எழுதச் சொல்வார்கள். வங்கிக் கடன், வட்டி விகிதம் என்றெல்லாம் வரும். இதைப் பார்த்தே சில மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டதை அறிவோம். சகோதரனே! வட்டி எப்படி வேலை செய்கிறது என்று அறிவது வேறு, வட்டியில் இறங்குவது வேறு. தெரிந்தவனால்தான் தப்பிக்க முடியும். பங்குத் தொழில், லாபத்தில் பங்கு என்ற ஹலாலான வழிகளுக்கும் அதே கணக்கறிவுதான் தேவை.

ஆனால் அறிவுரையோடு நம் கடமை முடிவதில்லை. 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கி முறைக்கு இடம் தரப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அதைத் தொடர்வதில்லை என்று கையை விரித்துவிட்டது. அரசிடம் நம் கோரிக்கை தொடரட்டும். அதுவரை இளைஞன் எங்கே போவான்? தேவ்பந்தில் 1961 முதல் முஸ்லிம் ஃபண்ட் என்ற அமைப்பு சேமிப்பைத் திரட்டி வட்டியில்லாக் கடன் தந்து வருகிறது. நம் ஜமாஅத்தின் பைத்துல் மால், கல்யாணச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் கை நீட்டுவதோடு, படித்து முடித்த ஓர் இளைஞனின் முதல் கொள்முதலுக்கும் கை நீட்டக் கூடாதா?

சகோதரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தையலிலும் பலகாரத்திலும் நாலு காசு பார்க்கும் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் படிக்க விரும்பினால், "பிள்ளையை யார் பார்ப்பது?" என்ற ஒரே கேள்வியில் கதவு மூடப்படுகிறது. வணிகக் குழுவை ஷாம் தேசத்துக்கு அனுப்பிய கதீஜா (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். அவர்களது வழியைப் பிள்ளைகளுக்கு அடைக்கிறோம். பிள்ளையை அத்தாவும் ஒரு மணி நேரம் பார்க்கலாம். தம் வீட்டு வேலைகளைத் தாமே செய்வது நபி (ஸல்) அவர்களின் வழக்கம் அல்லவா?

கடைசியாக, நம்மையும் நாம் விட்டு வைக்கக் கூடாது. அந்த மகனிடம் வாரத்தில் எத்தனை இரவு படிக்க முடியாமல் போகிறது என்று கேட்டோம். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இரண்டு இரவு ஹஜ்ரத். நம்ம கிளைக் கூட்டம் முடியப் பதினொன்று ஆகிவிடுகிறது." தலை குனிந்தோம். இஷாவுக்குப் பிறகு தொடங்கி, ஒருவர் பேசியதையே நால்வர் பேசி, இளைஞர்களின் இரவைத் தின்றது நாம்தான். இனி நம் கிளைக் கூட்டம் மாதம் இருமுறை, ஒரு மணி நேரம் மட்டும் என்று முடிவெடுத்திருக்கிறோம். மற்ற கிளைகளும் இதை யோசிக்கட்டும்.

அந்த வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். அத்தா மதியம் இரண்டு மணி நேரம் விட்டுக் கொடுத்தார். மகன் இரவு பத்தரைக்குப் புத்தகத்தை மூடுகிறார். பெரும்பாலான நாட்கள் ஃபஜ்ரில் அவரைப் பார்க்கிறோம். முதல் தேர்வில் ஒரு தாளில் தவறிவிட்டார், மீண்டும் எழுதப் போகிறார். கடையில் முதன்முறையாகச் சரக்கை எண்ணியபோது, மூன்று ஆண்டாக விற்காத துணி ஓர் அலமாரி நிறைய இருந்ததாம். "இத்தனை பணம் தூங்குவது எனக்கே தெரியாது ஹஜ்ரத்" என்றார் அத்தா.

எதை விடுவது என்று கேட்ட தம்பிக்கு நம் பதில் இதுதான்: தொழுகையை விடாதே, குடும்பத்தை விடாதே, படிப்பையும் விடாதே. விட வேண்டியவர்கள் மற்றவர்கள். அத்தா இரண்டு மணி நேரத்தை விடட்டும். ஜமாஅத் கொஞ்சம் பணத்தை விடட்டும். எங்களைப் போன்றவர்கள் ஒலிபெருக்கியை விடட்டும். நீ விட வேண்டியது வீணாகும் நேரத்தை மட்டும். அதற்கும் ஒரு நோட்டுப் போட்டு எழுது. நாளை மறுமையில் ஆயுளை எப்படிச் செலவழித்தாய் என்று கேட்கப்படும்போது, காட்ட ஒரு கணக்கு வேண்டுமல்லவா?

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நேரத்திலும் தொழிலிலும் இல்லத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.