பிச்சாவரத்துக்கு எதுக்குய்யா ரெண்டரை கிலோ?

மக்களே, இது புலம்பல் பதிவு. கேமரா கிறுக்கு இல்லாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம்.

நண்பர் ஒருத்தர், கடலூர்க்காரர். மீடியம் ஃபார்மட் ஃபிலிம்ல நிலக்காட்சி எடுக்கணும்னு ஆறு வருஷமா ஆசை. ஆறு வருஷமா லென்ஸ் ஒப்பீடு படிக்கறார். ஹாசல்பிளாடா, மாமியா ஆர்பி67ஆ, பென்டாக்ஸ் 67ஆன்னு இன்னும் முடிவாகலை. இதுவரைக்கும் எடுத்த படம்? பூஜ்யம். போன வாரம் என்னோட பழைய யாஷிகா மேட் 124ஜியைக் காட்டினேன். "நிலக்காட்சின்னா குறைஞ்சது ஆறுக்கு ஏழு வேணும். இதெல்லாம் பொம்மை"ன்னுட்டார். அந்தக் கடுப்புதான் இந்தப் பதிவு.

முதல்ல கணக்கு. சாதா 35 மி.மீ. ஃபிலிம்ல ஒரு படம் 24க்கு 36, அதாவது 864 சதுர மி.மீ. என் 'பொம்மை'யோட படம் 56க்கு 56, அதாவது 3136. மூன்றரை மடங்குக்கும் மேல. ஆறுக்கு ஏழு நாலரை மடங்கு வரும், ஒத்துக்கறேன். ஆனா ஒரு 120 ரோல்ல அதுல 10 படம், இதுல 12. வீட்டுச் சுவத்துல மாட்டற சைஸ் பிரிண்ட்டுக்கு இந்த வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும்.

அடுத்து இடம். நமக்கு நிலக்காட்சின்னா இமயமலையா? சிதம்பரத்துலேர்ந்து கிள்ளை வழியாப் போனா பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடல்ல சேர்ற இடத்துக்கு நடுவுல, 1100 ஹெக்டேர் அளவுக்குச் சுரபுன்னைக் காடு. அதைத் துடுப்புப் படகுல உட்கார்ந்துதான் பார்க்கணும். படகுல ட்ரைபாட் வெச்சா படகோட சேர்ந்து அதுவும் ஆடும். அப்போ கையில பிடிச்சுத்தான் எடுக்கணும். லென்ஸோட சேர்த்து ஆர்பி67 ரெண்டரை கிலோவுக்கு மேல. பென்டாக்ஸும் கிட்டத்தட்ட அந்த எடைதான், அதோட கிளிக் பண்ணும்போது உள்ளே கண்ணாடி எகிறிக் குதிக்கிற அதிர்ச்சி வேற. ஹாசல்பிளாட் எடை கம்மிதான். விலை? அதைப் படகுல எடுத்துட்டுப் போனா நம்ம கண்ணு காட்டுமேல இருக்காது, பைமேலதான் இருக்கும்.

இரட்டை லென்ஸ் கேமராவுல கண்ணாடி அசையாது. எடை சுமார் ஒரு கிலோ. குனிஞ்சு மேலேர்ந்து பார்த்து எடுக்கறதால, படகு விளிம்புக்குப் பக்கத்துல தண்ணி மட்டத்துக்கு இறக்கலாம். வேர், அதோட நிழல், ரெண்டும் அந்தச் சதுரத்துல பாதிப் பாதியா உட்காரும். குறை இல்லையா? இருக்கு. லென்ஸ் மாத்த முடியாது. இடம் வலமாத் தெரியும். முதல் நாள் படகு ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் திரும்பி, படகுக்காரர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு :-)

"சரி, சிதம்பரம் கோபுரத்துக்கு என்ன பண்ணுவ?" இது அடுத்த கேள்வி. 80 மி.மீ. லென்ஸ்தான், ஒத்துக்கறேன். கேமராவை அண்ணாந்து பிடிச்சா கோபுரம் பின்னாடி சாயும். அதனால அண்ணாத்த வேண்டாம். கீழ சன்னதியில நூறு மீட்டருக்கு மேல பின்வாங்கி, கேமராவை நேரா வெச்சு எடுங்க. சதுரத்தோட மேல் பாதியில ஏழு நிலையும் நிமிர்ந்து நிக்கும். கீழ இருக்கற ரோட்டையும் ஆட்டோவையும் பிரிண்ட்ல வெட்டிடுங்க. லென்ஸ் பண்ணாத வேலையைக் கால் பண்ணும்.

வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த யாஷிகா 1986லயே நின்னு போச்சு, பழசுதான் கிடைக்கும். லென்ஸுக்குப் பின்னாலேர்ந்து டார்ச் அடிச்சுப் பூஞ்சை இருக்கான்னு பாருங்க, நம்ம கடல் காத்துக்கு அதுதான் எமன். ஒரு செகண்ட் ஷட்டர் இழுத்துக்கிட்டு நிக்குதான்னு பாருங்க. மிச்சக் காசை ஃபிலிமுக்கு வைங்க. கறுப்பு வெள்ளையை நானே வீட்டுல கழுவறேன். டெவலப்பருக்கு 20 டிகிரி வேணும், எங்க குழாய்த் தண்ணி 30. ஐஸ் கட்டி போட்ட பக்கெட்தான் என் லேப்.

ஏன் இவ்வளவு கோவம்? எங்க வீட்டுல ஒரு படம் இருக்கு. அப்பா 1983ல அக்ஃபா கிளிக் 3ல எடுத்தது. ஒத்தை லென்ஸ், நிஜமான பொம்மை. தேவனாம்பட்டினம் கரை, ரெண்டு கட்டுமரம், ஒரு குடிசை வரிசை. ஓரம் மங்கல்தான். ஆனா அதுவும் இதே ஆறுக்கு ஆறு நெகட்டிவ். ஸ்கேன் பண்ணிப் பெருசாக்கினா வலையோட முடிச்சு தெரியுது. 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் அந்தக் குடிசை வரிசை இல்லை. ஊட்டியில 'இந்து' ஃபிலிம் போட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸும் இப்போ இல்லை. அப்பா நல்ல கேமரா வரட்டும்னு காத்திருந்தா அந்தப் படமும் இல்லை.

கரை காத்திருக்காது அய்யா. 2011 கடைசியில தானே புயல் ஒரே ராத்திரியில எத்தனை மரத்தைச் சாய்ச்சுதுன்னு கடலூர்க்காரருக்கு நான் சொல்லணுமா? நீங்க ஒப்பீட்டுப் பட்டியல் படிச்ச இந்த ஆறு வருஷத்துல, ஒரு மாசத்துக்கு ஒரு ரோல்னு வெச்சாலும் 864 படம் எடுத்திருக்கலாம். அதுல பத்து தேறியிருக்காதா?

டிஸ்கி: நண்பர் இதைப் படிப்பார்னு தெரியும். ஞாயித்துக்கிழமை காலைல முதல் படகு. என் பொம்மையை எடுத்துட்டு வரேன், பன்னிரண்டும் நீங்களே எடுங்க. ஃபிலிம் செலவு என்னுது.