எதிர்ப் பலகைப் பிரயாணி

நாயுடுபுரத்தில் ரயில் சத்தம் கேட்பதில்லை. கேட்க வேண்டுமானால் மலையை விட்டு இறங்கி, எண்பது கிலோமீட்டர் பிரயாணம் செய்து, அம்மையநாயக்கனூருக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அதற்குக் கொடைக்கானல் ரோடு என்று பெயர். எத்தனையோ ஊர்களுக்கு ஸ்டேஷனே கிடையாது. எங்களுக்கு ஸ்டேஷன் உண்டு, ஆனால் அது எங்கள் ஊரில் இல்லை. வெளி மாகாணங்களிலிருந்து முதல் முறையாக வருகிறவர்கள் கம்பளிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஸ்டேஷனில் இறங்கி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, 'இதுதானா கொடைக்கானல்?' என்று நாலு பக்கமும் பார்ப்பது இன்றைக்கும் காணக்கூடிய காட்சி.

ரயில் பாதை அந்த வழியாக வந்தது 1875-ம் வருஷத்தில். அதற்குப் பின்னும் நாற்பது வருஷ காலம் மலைக்கு மோட்டார் பாதை இல்லை. ஸ்டேஷனிலிருந்து கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரையில் இரவெல்லாம் மாட்டு வண்டி. தோப்பிலிருந்து மேலே குதிரை, அல்லது டோலி, இரண்டுக்கும் வசதியில்லாதவர்களுக்குக் கால்நடை. லாஸ் காட் ரோடு 1914-ல் முடிந்து, 1916-ல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட பிறகுதான் இந்தச் சிரமம் தீர்ந்தது. டோலியில் உட்கார்ந்து ஏறிய துரைமார்களும் துரைசானிகளும் மலையின் குளிரையும் பூக்களையும் பற்றி நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். தோள் கொடுத்துத் தூக்கியவர்களின் பெயர் அந்த ஏடுகளில் அகப்படுவது அரிது. ஒருவருடைய மூச்சு இன்னொருவர் காதில் விழும்படி மணிக்கணக்காகப் பிரயாணம் செய்தும், ஒருவரையொருவர் அறியாமலே பிரிந்துபோவது மனிதர்களுக்குச் சாத்தியம் என்பதற்கு இது போதுமான அத்தாட்சி.

ரயில் பலகை இந்த விஷயத்தில் டோலியைவிட மேலானது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் ஓடிற்று. நம் ஜனங்கள் ஜாதி பேதம் பாராமல் ஒரே பெட்டியில் ஏறுவார்களா என்று அந்நாளில் சந்தேகப்பட்டவர்கள் பலர். ஜனங்கள் ஏறினார்கள். டிக்கெட் வாங்கியவனுக்கு இடம் என்ற ஒரே சாஸ்திரத்தைத்தான் ரயில் அறிந்திருந்தது. ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் மட்டும் பிராமணருக்கு ஓர் அறை, மற்றவருக்கு ஓர் அறை என்ற வழக்கம் வெகு காலம் நீடித்தது, பெரியார் ஈ.வெ.ரா. முதலியோர் கிளர்ச்சி செய்த பிறகு, 1941-ல் அது ஒழிந்தது. ஆக, ஒரே பலகையில் இடித்துக்கொண்டு வந்தவர்கள் பசி வேளையில் மட்டும் பிரிந்துபோய், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மறுபடியும் அதே பலகையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நம் தேசத்து விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

பலகையில் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் போதுமா, பேசவும் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இதற்குச் சரித்திரம் இரண்டு பதில்களை வைத்திருக்கிறது. இரண்டும் எங்கள் மலையடிவாரத்தைத் தொட்டுச் செல்லும் அதே பாதையில் நடந்தவை.

முதலாவது, 1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி நடந்தது. திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். அவர்களுடைய குழந்தைகள் இங்கே மலையில் இருந்தார்கள். மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலை எதிர்பார்த்து, முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார்கள். அந்தப் பெட்டியில் செங்கோட்டை வாஞ்சிநாதன் ஏறிக் கலெக்டரைச் சுட்டார். பிறகு தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். அந்த ஸ்டேஷனுக்கு இப்போது வாஞ்சி மணியாச்சி என்று பெயர். எதிரெதிரே நின்ற அந்த இருவரும் இரண்டு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா என்று இன்று கேட்பது பேதைமையாகும். மேடையேறிப் பேசியதற்காக வ.உ. சிதம்பரம் பிள்ளையையும் சுப்பிரமணிய சிவாவையும் 1908-ல் சிறையில் அடைத்த சர்க்கார் அது. ஜனங்களின் வாய்ச்சொல்லை ஆள்கிறவர்கள் குற்றமாக்கி விட்டால், அதற்குப் பிறகு நடப்பதை யாராலும் தடுக்க முடிவதில்லை. கொடைக்கானலுக்கென்று புறப்பட்ட ஒருவர் கொடைக்கானலுக்கு வந்து சேரவில்லை. குழந்தைகள் காத்திருந்தது வீணாயிற்று. செங்கோட்டையிலும் ஒரு குடும்பம் அப்படித்தான் காத்திருந்தது.

இரண்டாவது, பத்து வருஷங்களுக்குப் பின்னால் நடந்தது. 1921-ம் வருஷம் செப்டம்பர் மாதம் மகாத்மா காந்தி மதராஸிலிருந்து மதுரைக்குப் பிரயாணம் செய்தார். சில தினங்களுக்கு முன்புதான், அவருடன் வந்த மௌலானா முகம்மது அலியை வால்டேரில் கைது செய்திருந்தார்கள். காந்தியடிகளின் பெட்டியிலிருந்த ஜனங்களோ அதைப் பற்றிய கவலையே இல்லாதவர்களாய், பெரும்பாலும் அந்நியத் துணிகளை உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். அவர் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை; அவர்களோடு பேச்சுக் கொடுத்துக் கதர் உடுத்தும்படி கேட்டுக்கொண்டார். 'நாங்கள் ஏழைகள், கதர் விலை அதிகம், எங்களால் வாங்க முடியாது' என்ற பொருளில் அவர்கள் பதில் சொன்னார்கள்.

பிரசங்கம் செய்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட பதில் புதிதல்ல. அதற்கு மறுமொழி சொல்லிச் சமாளிக்கவும் அவர்களுக்குத் தெரியும். காந்தியடிகளிடம் அந்த மறுமொழி இல்லை. தாம் குல்லாயும் மேற்சட்டையும் முழு வேஷ்டியும் அணிந்துகொண்டு, துணி வாங்க வகையற்றவனுக்குத் துணியைப் பற்றி உபதேசம் செய்வது தகுமா என்ற கேள்வி அவரைத் தைத்தது. செப்டம்பர் 22-ந் தேதி காலை, மதுரையில் தாம் தங்கியிருந்த மேலமாசி வீதி வீட்டிலிருந்து அவர் இடுப்பில் ஒரு முழத்துண்டுடன் வெளியே வந்தார். அக்டோபர் மாதக் கடைசி வரையிலாவது அவ்வாறு இருப்பது என்றுதான் முதலில் தீர்மானித்தார். அதுவே ஆயுள் முழுவதற்குமான உடையாகிவிட்டது. அந்நாளில் மதராஸிலிருந்து மதுரைக்குத் திண்டுக்கல் மார்க்கத்தைத் தவிர வேறு ரயில் மார்க்கம் கிடையாது. ஆகையால் உலகம் அறிந்த அந்த உடைக்கு வித்திட்ட பிரயாணம், எங்கள் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனையும் கடந்துதான் சென்றிருக்க வேண்டும். அவருக்குப் பதில் சொன்ன பிரயாணிகள் யார், எந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரிய தலைவர்களும் பிரசித்தி பெற்ற பண்டிதர்களும் சொல்லி நடவாததை, பெயர் தெரியாத எதிர்ப் பலகைக்காரர்கள் ஒரே வாக்கியத்தில் நடத்திவிட்டார்கள்.

அந்த எதிர்ப் பலகை இன்று எப்படி இருக்கிறது? மூன்றாம் வகுப்பு 1974-ல் ஒழிந்தது; நல்லதுதான். குளிர்சாதனப் பெட்டி வந்திருக்கிறது, அதுவும் நல்லதுதான். அதில் கண்ணாடி ஜன்னல் திறக்காது. திரையை இழுத்து விட்டுக்கொண்டால் மனிதர் முகம் தெரியாது. பொதுப் பெட்டியிலோ திரை கிடையாது. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் உள்ளங்கையளவு திரை ஒன்று ஒளிர்கிறது. ஏழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பலகையில் ஏழு தனி அறைகள்! செல்போனை நான் நிந்திப்பதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். சென்ற மாதம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் என் கட்சி விளங்கும்.

கொடைக்கானல் ரோடிலிருந்து மதுரைக்கு முற்பகல் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். சோழவந்தானில் ஒரு மூதாட்டி ஏறினார். ஈரச் சாக்குப் போர்த்திய கூடையில் வெற்றிலை; கொடிக்கால் வாசனை பெட்டி முழுவதும் பரவிற்று. எனக்கு எதிரே ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் காதில் கருவியைச் செருகிக்கொண்டு ஒரு வாலிபன். அம்மாள் எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஐயா, பார்த்தா வாத்தியார் மாதிரி தெரியுது. இதிலே என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க. தமிழா இருந்தா நானே படிச்சிருப்பேன்."

எங்கள் தொழில் முகத்திலேயே எழுதியிருக்கிறது போலும். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு பாங்கியிலிருந்து வந்த ஆங்கில நோட்டீஸ். அம்மாள் கொடிக்கால் குத்தகைக்காக அடகு வைத்திருந்த மூன்று சவரன் சங்கிலி, தவணை தவறியதால் ஏலத்துக்கு வருகிறது; ஏலம் நாளை மறுநாள்! மகன் திருப்பூரில் வேலையாக இருக்கிறான். வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் இல்லை. வருஷா வருஷம் வட்டி கட்டச் சொல்லி வரும் கடிதம் என்று எண்ணி, மாதக் கடைசியில் போய்க்கொள்ளலாம் என்று அம்மாள் இருந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியதை எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அடுத்த நிமிஷம் நடந்ததை எழுதியே தீர வேண்டும். வாலிபன் காதுக் கருவியைக் கழற்றினான். "நோட்டீஸை இப்படிக் குடுங்க சார்" என்று வாங்கி, அதிலிருந்த எண்ணுக்குத் தன் செல்போனில் பேசினான். மூன்று தரம் மணியடித்தும் பதில் இல்லை, அவன் விடவில்லை, நாலாவது தரம் பிடித்துவிட்டான். மூன்று மணிக்குள் அம்மாளை நேரில் வந்து மானேஜரைப் பார்க்கச் சொன்னார்களாம். பெரியவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதும் முறை அறிந்தவர். அவர் வாசகம் சொல்ல, என் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து நான் எழுதினேன். வண்டியின் ஆட்டத்தில் எழுத்துக்கள் நடனமாடின. பொருள் தெளிவாகவே இருந்தது: கையிலுள்ள தொகையை வட்டியாகக் கட்டுவதாகவும், ஏலத்தை நிறுத்தி அவகாசம் தருமாறும் கோரிக்கை. அம்மாள் தம் கைப்படத் தமிழில் கையெழுத்திட்டார். குண்டு குண்டான நல்ல எழுத்து. "ரசீது வாங்காம வெளியே வந்துடாதே அம்மா" என்று பெரியவர் இரண்டு முறை எச்சரித்தார்.

மதுரை வந்துவிட்டது. பாங்கி தன் வழியில்தான் இருக்கிறது என்று சொல்லி, வாலிபன் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். அம்மாள் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் பத்து வெற்றிலையை வைத்தார். "நான் போடுகிற வழக்கமில்லை" என்றேன். "வீட்டிலே பூஜைக்கு ஆகும், வச்சுக்கங்கய்யா" என்றார். சங்கிலி மீண்டதா என்பது எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

இதில் அரை மணி நேரத்துக்கு மேல் ஒருவருக்கும் செலவாகவில்லை. ஆங்கிலம் ஒருவரிடம் இருந்தது. அநுபவம் ஒருவரிடம் இருந்தது. செல்போன் ஒருவரிடம் இருந்தது. மூன்றும் ஒரே இடத்தில்தான் இருந்தன. அம்மாள் வாயைத் திறந்து கேட்காதிருந்தால் மூன்றும் மதுரை வரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கித் தம் தம் வழியே போயிருக்கும். சுயராஜ்யம் என்பதைப் பற்றி வகுப்பில் பிள்ளைகளுக்கு எத்தனையோ விளக்கங்கள் சொல்லியிருக்கிறேன். முன்பின் அறியாத நாலு பேர், உத்தரவு போட ஒருவரும் இல்லாமலே, ஒருவர் கஷ்டத்தை நால்வரும் பங்கிட்டுக்கொள்வது என்ற விளக்கத்தையும் இனிமேல் சேர்த்துக்கொள்வதாக உத்தேசம்.

ரயில்களிலும் ஸ்டேஷன்களிலும் அடிக்கடி ஓர் எச்சரிக்கை செய்கிறார்கள்: முன்பின் தெரியாதவர் கொடுக்கும் தின்பண்டத்தை வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று. மிகவும் நியாயமான எச்சரிக்கை. குழந்தைகளுடன் போகிறவர்கள் அவசியம் அநுசரிக்க வேண்டும். ஆனால் எதிர்ப் பலகையில் இருப்பவரை, "எந்த ஊருக்குப் போகிறீர்கள்?" என்று கேட்கக் கூடாதென்று எந்த ரயில்வே இலாகாவும் இதுவரையில் உத்தரவு பிறப்பிக்கவில்லை.